முதல் குறுந்தூர டிரையத்லான் பயிற்சி: எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

750 மீட்டர் நீச்சல், அது முடிந்ததும் 20 கிலோமீட்டர் சைக்கிள், அதுவும் முடிந்ததும் 5 கிலோமீட்டர் ஓட்டம். ஸ்பிரின்ட் டிரையத்லான் என்பது இதுதான். நடுவில் கடிகாரம் நிற்காது. ஈரத்தோடு ஹெல்மெட் மாட்டும் நேரமும் ஷூவுக்குள் காலை நுழைக்கும் நேரமும் கணக்கில் சேரும். இதிலும் பாதியளவில் சூப்பர் ஸ்பிரின்ட் என்று ஒன்று உண்டு: 400 மீட்டர், 10 கிலோமீட்டர், 2.5 கிலோமீட்டர். நீச்சலில் நம்பிக்கை இல்லாதவர்கள் அதில் தொடங்குவதே நல்லது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்தில் இதற்குத் தயாராகிறவர்கள் சொல்லும் புகார்களை அறிகுறி வாரியாகக் கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் யாரும் உடனே மோட்டாரைக் கழற்றி மேலே தூக்குவதில்லை. ஃப்யூஸ், ஸ்டார்ட்டர், ஒயர் எல்லாம் பார்த்த பிறகுதான் கிணற்றுக்குப் போவோம். இங்கேயும் அதே கதை. ஓட்டத்தில் தெரியும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் சைக்கிளில் இருக்கும். சைக்கிளில் தெரிவது நீச்சலிலிருந்தோ முந்தின ராத்திரியிலிருந்தோ வந்திருக்கும். எது வலிக்கிறதோ அதற்கு முந்தின கட்டத்தை முதலில் பாருங்கள்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. நெஞ்சு வலி, மயக்கம், முயற்சிக்குச் சம்பந்தமில்லாத மூச்சிரைப்பு, குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்த வரலாறு: இதில் ஏதாவது இருந்தால் மேலே படிக்க வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள்.

25 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்குகிறது

நம் பக்கம் நீச்சல் தெரியும் என்பவர்களில் நிறையப் பேர் கிணற்றில் கற்றவர்கள். இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி கேனோ கட்டிக் குதித்துப் பழகிய நீச்சல் அது. தண்ணீர் பயம் போய்விடும், அது பெரிய லாபம். ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலேயே இருக்கும். குதித்து, நாலு கை போட்டு, படியைப் பிடிக்க அது போதும். 750 மீட்டருக்குப் போதாது. தலை மேலே ஏறினால் இடுப்பும் காலும் கீழே இறங்கிவிடும். அப்புறம் நெஞ்சால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்த வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

முதலில் மூச்சு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை வெளியே விடுகிறீர்களா, அடக்கி வைக்கிறீர்களா? புதிதாக வருகிறவர்கள் அநேகமாக அடக்கித்தான் வைக்கிறார்கள். உள்ளே கரியமில வாயு ஏறுவதால்தான் அந்தத் தவிப்பு வருகிறது. முகம் வெளியே வரும் அரை நொடியில் பழைய காற்றை விட்டு, புதுக் காற்றையும் இழுப்பது நடக்காத காரியம். நீச்சல் குளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தி மூக்காலும் வாயாலும் குமிழி விடுங்கள். பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்சை இழுங்கள். நிறுத்தாமல் இருபது தடவை இதைச் செய்தும் தவிப்பு வரவில்லை என்றால்தான் நீந்தத் தொடங்கலாம். சலிப்பான பயிற்சி, தெரியும். ஆனாலும் இதைத் தாண்டிப் போனவர்கள் திரும்ப இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

அடுத்தது பார்வை. கண் எதிர்ச் சுவரைப் பார்த்தால் தலை மேலே இருக்கிறது என்று அர்த்தம். குளத்தின் தரையைப் பாருங்கள்.

மூன்றாவது கால். தொடைகளுக்கு நடுவே மிதவைக் கட்டையை இடுக்கி, கையால் மட்டும் நீந்திப் பாருங்கள். திடீரென்று சுலபமாகிவிட்டதா? அப்படியானால் காற்றையெல்லாம் தின்றது உங்கள் கால்தான். முழங்காலை மடக்கி உதைப்பதை விட்டு, இடுப்பிலிருந்து சின்னதாக, மெதுவாக அடியுங்கள். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் அதே கால்தான் வேண்டும். இங்கேயே செலவழித்துவிடக் கூடாது.

மூன்றும் சரி, ஆனாலும் மூச்சு வாங்குகிறது என்றால் வேகம்தான் காரணம். 25 மீட்டர் போய் அரை நிமிடம் நில்லுங்கள். இப்படி எட்டு முறை. சில வாரத்தில் அதே எட்டை 50 மீட்டராக்குங்கள். நிற்காமல் 100 மீட்டர் வந்துவிட்டால் 750 தூரத்தில் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கோடை விடுமுறையில் நீச்சல் குளங்களில் பிள்ளைகள் கூட்டம் தாங்காது. அந்த மாதங்களில் காலை முதல் நேரத்துக்கே போய்விடுங்கள்.

கை மாற்றி மாற்றிப் போடும் இந்த ஃப்ரீஸ்டைல் கடைசிவரை கைவராவிட்டாலும் கவலை இல்லை. டிரையத்லான் விதிப்படி எந்த முறையிலும் நீந்தலாம். தவளை நீச்சலில் முழுதும் முடிக்கிறவர்கள் உண்டு. அதில் தொடை கொஞ்சம் களைக்கும், அவ்வளவுதான்.

குளத்தில் சரியாக இருக்கிறது, திறந்த நீரில் நெஞ்சை அடைக்கிறது

ஏரி, கடல் மாதிரித் திறந்த நீரில் அடித்தளம் தெரியாது, பிடிக்கச் சுவர் கிடையாது, பக்கத்தில் ஆள் இடிப்பார், தண்ணீரும் சில்லென்று இருக்கும். முகத்தில் குளிர் பட்டதும் மூச்சு தானாகவே மேலும் கீழும் போகும். அதற்கு மேல் தொடக்கச் சங்கு ஊதியதும் எல்லோருடனும் சேர்ந்து வேகமாகப் பாய்ந்தால், இருநூறு மீட்டருக்குள் நெஞ்சை அடைக்கத்தான் செய்யும். உங்கள் நீச்சலில் குறை இல்லை, முதல் இரண்டு நிமிடத்தில்தான் குறை.

தொடங்கும் முன்பே தண்ணீரை முகத்திலும் பிடரியிலும் அடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் நின்று பத்துக் குமிழி விடுங்கள். கூட்டத்தின் ஓரத்திலோ பின்னாலோ நில்லுங்கள். சங்கு ஊதியபின் மெதுவாகப் பத்து எண்ணிவிட்டுக் கிளம்பினால் குடி மூழ்காது. நடுவில் அடைத்தால் மல்லாக்கப் புரண்டு மிதந்து, முதலில் மூச்சை வெளியே விடுங்கள். இழுப்பது தானாக நடக்கும். பாதையைக் காட்ட விட்டிருக்கும் மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து ஓய்வெடுப்பதற்கும் விதி அனுமதிக்கிறது. அதை வைத்து முன்னேறக் கூடாது, அவ்வளவே. உதவி வேண்டுமென்றால் கையைத் தூக்கி ஆட்டுங்கள்.

எங்கே பழகுவது என்று கேட்பீர்கள். எங்கே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையில் வேண்டாம்; அணைக்கட்டு நீச்சலுக்கான இடமல்ல, மதகுப் பக்கத்து இழுப்பு மேலே பார்த்தால் தெரியாது. ஒகேனக்கலில் பாறைக்கடியில் சுழல் உண்டு, காவிரியில் முதலையும் உண்டு. குளிக்க விட்ட இடத்தில் குளித்துவிட்டு, மீன் சாப்பிட்டு வாருங்கள். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணைத் தண்ணீர் நுரை பொங்கி வருவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதை வாய்க்குள் விடவே கூடாது. கைவிட்ட கல்குவாரிக் குட்டையில் ஆழமும் தெரியாது, ஏறி வரப் பிடியும் இருக்காது.

மிச்சம் இருப்பது தெரிந்தவர் தோட்டத்துப் பெரிய கிணறு. படி இருக்க வேண்டும், மேலே ஒருவர் கயிறோடு நிற்க வேண்டும், இடுப்பில் மிதவை கட்டியிருக்க வேண்டும். ஓரத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்தால் தரை தெரியாத நீர் பழகிவிடும். தனியாக மட்டும் இறங்காதீர்கள், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் சரி. கிணறும் கிடைக்கவில்லையா? நீச்சல் குளத்திலேயே சுவரைத் தொடாமல் நடுவில் திரும்பி, பக்கத்தில் இரண்டு பேரை ஒட்டி நீந்தச் சொல்லிப் பழகுங்கள். பாதிப் பயம் போய்விடும்.

நேராகப் போவதாக நினைத்தால் எங்கேயோ போய் நிற்கிறது

ஆறேழு கை வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி தூக்கி, மிதவையைப் பாருங்கள். பார்த்ததும் பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுங்கள். முன்னால் பார்க்கும்போதே மூச்சை இழுக்கப் போனால் தலை அதிகம் ஏறி, கால் இறங்கிவிடும்.

கரையேறியதும் தலை சுற்றுகிறது

படுத்த வாக்கில் இருந்த உடம்பு சட்டென்று நிமிர்கிறது, ரத்தம் கொஞ்சம் பின்தங்கும். கடைசி 50 மீட்டரில் காலைச் சற்று அதிகமாக அடித்து ரத்தத்தை அங்கே வரவழைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் பத்தடி நடந்துவிட்டு ஓடலாம். உட்கார்ந்து ஷூ மாட்டினால் எழும்போது மறுபடி சுற்றும்.

சைக்கிளில் முழங்கால் வலிக்கிறது

முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு கிடைக்கும். அரை அங்குலம் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் மேலும் கீழும் ஏற்றி இறக்கினால் எதனால் வலிக்கிறது என்றே தெரியாமல் போகும்.

சீட் சரியாக இருந்தும் வலித்தால் கனமான கியரில் மிதிக்கிறீர்கள். வலது முழங்கால் மேலே வருவதைப் பதினைந்து நொடிக்கு எண்ணுங்கள். இருபதுக்கு மேல் வந்தால் நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்கு மேல், அது போதும். பதினைந்து, பதினாறு என்றால் கியரைக் குறையுங்கள்.

உள்ளங்கை மரத்துப்போவது ஹேண்டிலில் உடம்பைச் சாய்ப்பதால். முழங்கையை மடக்கிப் பிடிக்கவும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனால் சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா பாருங்கள். இதைப் பலர் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை.

எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை

முதலில் சைக்கிளைத் தூக்கி சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிரேக் கட்டை உரசினால் தானாக நின்றுவிடும். அடுத்து காற்று: டயரின் பக்கவாட்டில் அளவு அச்சிட்டிருக்கும், கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள டியூபுக்கு பெட்ரோல் பங்க் குழாய் பொருந்தாது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

சைக்கிளில் கோளாறு இல்லையென்றால் ரோட்டைப் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் பக்கம் போவது மொத்தத்தில் ஏற்றம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி அதைவிட நன்றாகவே கீழே. போகும்போது வேகத்தைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள், திரும்பும்போது பார்த்துக் குதிக்கவும் வேண்டாம். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று வேறு. அந்த மாதங்களில் மேற்கே கிருஷ்ணகிரிக்காரர்கள் ராயக்கோட்டை பக்கமும் தர்மபுரிக்காரர்கள் பென்னாகரம் பக்கமும் கிளம்புங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிட்டால், திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் பிரதான பாதையில் ஏறாதீர்கள். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதில் ஓட்டுங்கள். எதிர்த்திசையில் வரும் பைக்குகளை எதிர்பார்த்தே ஓட்டுங்கள். தொப்பூர் கணவாய்ப் பக்கம் பயிற்சிக்கு வேண்டவே வேண்டாம். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகள் ஆசை காட்டும். 20 கிலோமீட்டர் சமதளப் பந்தயத்துக்கு அது தேவையில்லை. தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் இருப்பவர்கள் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள், யானை நடமாட்டம் இருக்கும். மாங்காய் சீசனில் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் லோடு வண்டிகள் விடியும் முன்பே ரோட்டை நிரப்பிவிடும்.

பழைய கியர் இல்லாத சைக்கிளில் முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: முடியும். விலை உயர்ந்த சைக்கிள் முதல் பந்தயத்துக்குத் தேவையில்லை. பிரேக் பிடிக்க வேண்டும், ஹெல்மெட் வேண்டும், இரண்டு போதும்.

அடிக்கடி பஞ்சர்

சீமைக்கருவேல முள். டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். முனை ஒடிந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை இருந்தால் அது முள் வேலை இல்லை. காற்று குறைவாக வைத்து வேகத்தடையிலோ பள்ளத்திலோ இடித்திருக்கிறீர்கள்.

நாய் துரத்துகிறது

வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், பார்வை பின்னால் போய் கீழே விழுவதுதான் நடக்கும். வேகத்தைக் குறைத்து இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடினால் கால் கட்டையாக இருக்கிறது

முதல்முறை இதை அனுபவிக்கிறவர்கள் பயந்துவிடுகிறார்கள். தனியாக ஓடினால் 5 கிலோமீட்டர் சுலபமாக வரும். சைக்கிளுக்குப் பிறகு 500 மீட்டருக்கே கால் நம்முடையது மாதிரி இருக்காது. உடனே இன்னும் அதிகமாக ஓடிப் பழக வேண்டும் என்று முடிவெடுத்து, தினமும் ஓடி, கணுக்காலைக் கெடுத்துக்கொள்வார்கள். ஓட்டத்தில் பிரச்சினையே இல்லை.

மிதிக்கும்போது இடுப்பு மடங்கியே இருக்கிறது, தொடையின் முன்பகுதி வேலை செய்கிறது, உடம்பின் எடையைச் சீட் தாங்குகிறது. இறங்கியதும் இடுப்பு விரிய வேண்டும், எடை முழுக்கக் காலில் விழுகிறது. இந்த மாற்றத்துக்கு உடம்பு சில நிமிடம் கேட்கும். பழகப் பழக அது சுருங்கும், முழுதாக மறையாது.

எனவே முதல் சோதனை: கடைசி 5 கிலோமீட்டரை எந்த கியரில் ஓட்டினீர்கள்? கனமான கியரில் அழுத்தி நாலு பேரை முந்தியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. அடுத்த தடவை கடைசி இரண்டு கிலோமீட்டரில் கியரைக் குறைத்து, காலை வேகமாகச் சுற்றி, ஒருமுறை சீட்டிலிருந்து எழுந்து நின்று இடுப்பை நீட்டுங்கள். அங்கே விடும் அரை நிமிடம் ஓட்டத்தில் பல நிமிடமாகத் திரும்ப வரும்.

இரண்டாவது: இரண்டையும் சேர்த்துப் பழகியிருக்கிறீர்களா? வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சைக்கிள், இறங்கியதும் பத்து நிமிடம் ஓட்டம். அவ்வளவு போதும். சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தெருவிலேயே ஓடலாம். தண்ணீர் குடித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு ஓடினால் கணக்கில் சேராது.

மூன்றாவது: ஓட்டத்தின் முதல் நிமிடங்களில் காலடியைச் சின்னதாக, அடுத்தடுத்து வேகமாக வையுங்கள். சைக்கிளின் வேகம் கண்ணில் இருப்பதால் மெதுவாக ஓடுவதாகத் தோன்றும்; உண்மையில் அதிக வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் கால் வரவில்லை என்றால் இன்னும் ஒரு கட்டம் பின்னால் போங்கள்: நீச்சலில் காலை உதைத்துத் தீர்த்துவிட்டீர்களா?

விலாவில் பிடிக்கிறது, வயிறு புரட்டுகிறது

என்ன சாப்பிட்டீர்கள், எப்போது? கேழ்வரகுக் களி நம் ஊர் உடம்புக்கு நல்ல ஆகாரம்தான், ஆனால் அதன் இடம் முந்தின நாள் மதியம். பந்தயக் காலையில் களியும் கம்பங்கூழும் நார்ச்சத்தோடு வயிற்றில் உட்கார்ந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். பயிற்சியில் சாப்பிட்டுப் பார்க்காத எதையும் பந்தய நாளில் முதல்முறை சாப்பிடாதீர்கள், யார் கையில் கொடுத்தாலும்.

சாப்பாடு சரியென்றால் நீச்சலில் காற்றையும் தண்ணீரையும் விழுங்கியிருப்பீர்கள். ஏப்பம் வந்தால் அதுதான். விலாப் பிடிப்புக்கு வேகத்தைக் குறைத்து, பிடித்த இடத்தை விரலால் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

கீழ்க்காலின் முன் எலும்பு வலிக்கிறது

எலும்பை ஒட்டி நீளவாக்கில் வலி பரவியிருந்தால் தூரத்தைச் சட்டென்று கூட்டியிருக்கிறீர்கள், அல்லது சிமென்ட் ரோட்டில் தேய்ந்த ஷூவோடு ஓடுகிறீர்கள். ஒரு வாரம் ஓட்டத்தைக் குறைத்து நீச்சலையும் சைக்கிளையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மண் பாதையில் மெதுவாகத் தொடங்குங்கள். விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, ராத்திரியிலும் வலி என்றால் எலும்பில் கீறல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

எப்போதும் சோர்வு, எதிலும் முன்னேற்றம் இல்லை

மூன்று விளையாட்டு என்றதும் தினமும் மூன்றும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒவ்வொன்றும் இரண்டு தடவை, ஒரு நாள் முழு ஓய்வு. புதியவருக்கு இதுவே நிறைய. காலையில் எழுந்ததும் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருக்கும் நாளில் பயிற்சியைக் குறைத்துவிடுங்கள். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராகப் பயிற்சிக்கு வருவது ஓசூர்க்காரர்களின் வழக்கம். தூங்கிவிட்டு மாலையில் செய்யுங்கள். பெண்கள், ஓய்வெடுத்தும் சோர்வு போகவில்லை என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்து உடம்பை வாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

வெயிலில் சுருண்டுவிடுகிறது

விடியற்காலையிலேயே பழகியவருக்கு ஒன்பது மணி வெயில் புதுசு. பந்தயத்தில் ஓட்டம் அந்த நேரத்தில்தான் வரும். கடைசி இரண்டு வாரம் சில பயிற்சிகளை அந்த நேரத்துக்குத் தள்ளி, வேகத்தைக் குறைத்துச் செய்யுங்கள், உடம்பு பழகிக்கொள்ளும். தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலந்தால் போதும். உப்பு போட்ட மோர் பயிற்சி முடிந்த பிறகு. குளிர் எடுப்பது, பேச்சு குழறுவது, திசை தெரியாமல் தள்ளாடுவது எல்லாம் அபாயம். உடனே நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

உடை மாற்றும் இடத்தில் எல்லாம் குழம்புகிறது

துண்டை விரித்து, தேவைப்படும் வரிசையிலேயே பொருளை வையுங்கள்: ஹெல்மெட் ஹேண்டில் மேல், வார் திறந்தபடி, ஷூவின் வாய் விரிந்து, உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர், எண் அட்டை பெல்ட்டில். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். திரும்பி வந்து சைக்கிளை அதன் கம்பியில் மாட்டிய பிறகுதான் கழற்றலாம். இதில் தவறினால் தண்டனை உண்டு. சைக்கிளில் ஏறுவதற்கான கோடு தாண்டும் வரை அதைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பல போட்டிகளில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டவும் கூடாது. உங்கள் போட்டியின் விதித்தாளில் எப்படி என்று முன்கூட்டியே பாருங்கள்.

நூற்றுக்கணக்கான சைக்கிள்களில் உங்களுடையது எங்கே என்பது ஈரத் தலையோடு வரும்போது தெரியாது. முந்தின நாள் மாலையே நீர்க்கரையிலிருந்து உங்கள் கம்பிவரை ஒருமுறை நடந்து, எத்தனையாவது வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்று நிறமுள்ள துண்டாக இருந்தால் இன்னும் நல்லது.